தளம் உறுதி கொடுக்காததை டைப் சொல்லக் கூடாது

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு ரசாயனம் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக நான் எழுதிப் பராமரித்துவரும் ஆர்டர் பக்கம், சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தொடர்ந்து 6 நாள்கள் யாருடைய கடன் வரம்பையும் பார்க்காமல் எல்லா ஆர்டர்களையும் அனுமதித்துவிட்டது. 4 லட்சம் ரூபாய் வரம்புள்ள மேல்விஷாரத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு, ஏற்கெனவே மூன்றரை லட்சம் நிலுவையில் இருக்கும்போதே, மேலும் 7 லட்சத்துக்குக் குரோம் பவுடரும் ஃபேட் லிக்கரும் லாரி ஏறிப் போய்விட்டன. ஏழாம் நாள் காலையில் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் அழைத்து, “தம்பி, வரம்பு தாண்டினா ஆர்டர் நிக்கும்னு சொன்னீங்களே, ஒண்ணுகூட நிக்கலையேப்பா” என்று கேட்டார். சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடியே நிரலைத் திறந்து பார்த்தேன். எங்கும் ஒரு பிழைச் செய்தியும் பதிவாகியிருக்கவில்லை. அந்தப் பணம் பிறகு தவணைகளாக வந்து சேர்ந்தது. ஆனால் ஒரு நிரல் தன் வேலையைச் செய்யாமல் இருந்துகொண்டே, செய்வதுபோலக் காட்டிக்கொண்டும் இருந்த அந்த 6 நாள்கள் என்னை விடாமல் உறுத்தின. டைப் என்பது, ஒரு பதிவில் எவை எந்த வடிவில் இருக்கும் என்று நிரலில் எழுதிவைக்கும் வரையறை. அந்த உறுத்தலிலிருந்து நான் கட்டியெழுப்பிய, தரவு இருக்கும் தளம் சொல்வதிலிருந்தே டைப்பை எழுதித்தரும் ஒரு சிறு கருவியைப் பற்றியும், அதைக் கட்டும்போது புரிந்துகொண்டவற்றைப் பற்றியுமே இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர் விவரங்களைச் சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் வரம்பு என்றொரு ஃபீல்டு, அதாவது தகவல் கட்டம், உண்டு. அலுவலகத்தில் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன், ரூபாய் வரம்பையும் டாலர் வரம்பையும் தனித்தனியே வைக்க வேண்டியிருந்ததால், புதிதாக இரண்டு ஃபீல்டுகளை உருவாக்கி, பழைய ஃபீல்டை யாரும் தவறுதலாகத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அதன் மீதிருந்த பார்வை அனுமதியை நிர்வாகியைத் தவிர எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மிகப் பொறுப்பான செயல். என் நிரலோ வாடிக்கையாளர் பதிவை முழுமையாகக் கேட்டு வாங்கும் வழியில் எழுதப்பட்டிருந்தது. அப்படிக் கேட்டால், கேட்கும் பயனருக்கு அனுமதி உள்ள ஃபீல்டுகள் மட்டுமே பதிலில் வரும்; அனுமதி இல்லாத ஃபீல்டு பெயரளவுக்குக்கூட வராது. ஃபீல்டுகளின் பெயரைச் சொல்லி வினவியிருந்தால், அப்படியொரு ஃபீல்டு இல்லை என்று தளம் உடனே மறுத்திருக்கும். நான் அப்படி எழுதியிருக்கவில்லை.

இதில் ஜாவாஸ்கிரிப்டின் குணமும் சேர்ந்துகொண்டது. ஒரு மதிப்பு ‘நல்’ என்று வருவதும், அந்த மதிப்பே வராமல் ‘அன்டிஃபைன்ட்’ ஆக இருப்பதும் அங்கே வேறு வேறு. என் நிரல், வரம்பிலிருந்து நிலுவையைக் கழித்து, ஆர்டர் தொகை அதைவிடப் பெரிதாக இருந்தால் நிறுத்தும். வரம்பு ‘நல்’ ஆக வந்திருந்தால் கணக்கில் அது பூஜ்யமாகக் கொள்ளப்பட்டு, எல்லா ஆர்டர்களும் நின்றிருக்கும். அரை மணி நேரத்தில் அலுவலகமே என்னைக் கூப்பிட்டிருக்கும். வரம்பே வராதபோது கழித்தலின் விடை எண்ணல்லாத எண்ணாகிறது. அதனோடு எதை ஒப்பிட்டாலும் பெரிதா என்ற கேள்விக்கு இல்லை என்றே பதில் கிடைக்கும். ஆகவே ஒன்றுகூட நிற்கவில்லை. காலியாக இருப்பதற்கும் இல்லாமலே போவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். 7 லட்சம் ரூபாய்ச் சரக்கு ஏறிப் போன பிறகுதான் அது மனத்தில் பதிந்தது.

இவ்வளவுக்கும் அந்த நிரல், ஜாவாஸ்கிரிப்டோடு டைப்களைச் சேர்த்துத் தரும் டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபரில் வெளியிட்ட இந்த மொழி, 2016-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, ஒரு மதிப்பு ‘நல்’ ஆகவோ ‘அன்டிஃபைன்ட்’ ஆகவோ இருக்கலாமா என்பதைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் வசதியைத் தருகிறது. அந்தக் கண்டிப்பையும் நான் இயக்கித்தான் வைத்திருந்தேன். ஆனால் வாடிக்கையாளர் என்ற டைப்பை என் கையாலேயே எழுதியிருந்தேன். அதில் கடன் வரம்பு ஓர் எண் என்று ஒரு வரி இருந்தது. அது எப்போதும் இருக்கும், எப்போதும் எண்ணாகவே இருக்கும் என்று நான் சொன்னேன், நிரலைச் சரிபார்த்துத் தொகுக்கும் கம்பைலர் நம்பியது. அந்த உறுதியை எனக்குக் கொடுத்தவர் யார் என்று என்னையே கேட்டுக்கொண்டபோது பதில் இல்லை. தளம் அப்படி எங்கும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் நான்கைந்து பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டு, அவற்றில் எண் இருந்ததைக் கொண்டு நானே எழுதிக்கொண்ட உறுதி அது.

கையால் எழுதும் டைப்பின் குறை, எழுதியவர் மறந்துவிடுவார் என்பது மட்டும் என்றால், நினைவூட்டல் வைத்தே சமாளித்துவிடலாம். தளம் மாறிய பிறகும் அந்த டைப் அப்படியே நின்று, மாறியதை மறைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் பெரிய குறை. தளத்தை மாற்றுகிறவர் ராணிப்பேட்டையில் இருக்கிறார். டைப்பை எழுதியவன் வேலூரில் இருக்கிறேன். இருவருக்கும் இடையே எந்தக் கம்பியும் இல்லை.

அந்தக் கம்பியைத் தளமே வைத்திருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும், அதாவது வாடிக்கையாளர், தொடர்புநபர், வணிக வாய்ப்பு போன்ற ஒவ்வொன்றுக்கும், ‘டிஸ்கிரைப்’ என்ற அழைப்பு உண்டு. அதைக் கேட்டால் அந்தப் பொருளின் எல்லா ஃபீல்டுகளையும் பற்றித் தளமே விவரித்து ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரு பதில் தரும். ஃபீல்டின் ஏபிஐ பெயர் (ஏபிஐ என்பது நிரல்கள் தளத்தோடு பேசும் வழி), திரையில் தெரியும் லேபிள், அதன் இனம், காலியாக இருக்கலாமா, புதிதாக உருவாக்கும்போது எழுதலாமா, பின்னர் திருத்தலாமா, ஃபார்முலாவால் கணக்கிடப்படுவதா, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பிக்லிஸ்ட் என்றால் என்னென்ன மதிப்புகள், வேறொரு பொருளைச் சுட்டுவது என்றால் எந்தப் பொருளை என்று எல்லாமே அதில் இருக்கும். ஜோஹோ சிஆர்எம்மிலும் ஒவ்வொரு தொகுதியின் ஃபீல்டு விவரங்களைத் தரும் ஏபிஐ இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் டேட்டாவெர்ஸும் தன் மெட்டாடேட்டாவை ஆவணமாகவே தருகிறது. எனவே இங்கே நான் சொல்வது ஒரு தளத்துக்கு மட்டும் உரியதன்று. விவரங்கள் மட்டும் என் அனுபவத்தில் உள்ள தளத்தைச் சார்ந்தவை.

இந்தப் பதிலை வாங்கி, அதிலிருந்து டைப் வரையறைக் கோப்பை எழுதித்தரும் கருவியின் முதல் வடிவத்தை ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டேன். சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) சரம், பணத்துக்கும் சதவீதத்துக்கும் எண், ஆம்-இல்லைக்கு பூலியன் என்று ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே போனால் போதும் என்று நினைத்தேன். அடுத்த மூன்று மாதங்கள், அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியும் எவ்வளவு அவசரத்தில் எழுதப்பட்டது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தன.

முதலில் வெறுமையைப் பற்றி. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், கடன் வரம்பு கட்டாயமான ஃபீல்டு என்றே சொல்வார்கள். அதைக் காலியாக விட்டால் அவர்களுடைய திரை சேமிக்க விடாது. ஆனால் டிஸ்கிரைப் பதிலில் அந்த ஃபீல்டு காலியாக இருக்கலாம் என்றே இருந்தது. இரண்டும் உண்மைதான். திரையின் அமைப்பில் கட்டாயம் என்று குறித்தால் அது அந்தத் திரையில் தட்டச்சு செய்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஏபிஐ வழியாகவோ, மொத்தமாக ஏற்றும் கோப்பின் வழியாகவோ வரும் பதிவை அது தடுக்காது. ஃபீல்டின் வரையறையிலேயே கட்டாயம் என்று வைத்தால்தான் தளம் முழுவதும் அது செல்லுபடியாகும். நிறுவனம் இந்தத் தளத்துக்கு மாறிய நாளில் பழைய எக்ஸெல் கோப்பிலிருந்து ஏற்றிய வாடிக்கையாளர்களில் 31 பேருக்குக் கடன் வரம்பு காலியாகவே கிடந்தது. திரையை மட்டும் பார்த்து, கட்டாயமான எண் என்று டைப் எழுதியிருந்தால் அந்த 31 பதிவுகளும் என் டைப்பைப் பொய்யாக்கியிருக்கும்.

அப்படியானால் தளத்தின் வரையறையை நம்புவதா, உள்ளே கிடக்கும் தரவை நம்புவதா என்ற கேள்வி எழும். தரவைப் பார்த்து டைப் எழுதும் கருவிகளும் இருக்கின்றன. மாதிரிக்குச் சில பதிவுகளைக் கொடுத்தால் அவை டைப்பை ஊகித்துத் தரும். நான் அந்த வழியை எடுக்கவில்லை. இன்று எல்லாப் பதிவுகளிலும் ஒரு மதிப்பு இருக்கிறது என்பது இன்றைய நிலவரம். நாளை வரும் பதிவுக்கு அது எந்த உறுதியும் தராது. தரவைப் பார்ப்பது வேறொன்றுக்குப் பயன்படுகிறது. தளம் காலியாக இருக்கலாம் என்று சொல்லி, தரவில் ஒன்றுகூடக் காலியாக இல்லாத ஃபீல்டுகளின் பட்டியலை என் கருவி தனியே எழுதுகிறது. அதை அலுவலகத்துக்கு அனுப்பி, இவற்றையெல்லாம் தளத்திலேயே கட்டாயமாக்கிவிடலாமா என்று கேட்கிறேன். அவர்கள் ஆம் என்று மாற்றினால், மறுநாள் டைப் தானாகவே இறுக்கமாகிறது. உறுதியை முதலில் தளம் கொடுக்க வேண்டும். பிறகே டைப் அதைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டதுதான் இந்த வேலையில் நான் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை.

பிக்லிஸ்டுக்கும் இதே கதைதான். வாடிக்கையாளர் எந்த நிலையிலுள்ள தோலைக் கையாள்கிறார் என்பதற்கு வெட் ப்ளூ, க்ரஸ்ட், ஃபினிஷ்ட் லெதர் என்று மதிப்புகள் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்று என்று டைப் எழுதத் தோன்றும். ஆனால் அந்தப் பிக்லிஸ்ட் கட்டுப்படுத்தப்பட்டதா இல்லையா என்று டிஸ்கிரைப் தனியாக ஒரு குறி தருகிறது. கட்டுப்படுத்தப்படாத பிக்லிஸ்டில், பட்டியலில் இல்லாத சொல்லையும் ஏபிஐ வழியாகச் சேமித்துவிட முடியும். கட்டுப்படுத்தப்பட்டதிலும், ஒரு மதிப்பைப் பின்னர் செயலிழக்கச் செய்தால், அந்த மதிப்பைத் தாங்கிய பழைய பதிவுகள் அப்படியேதான் இருக்கும். ஆகவே எழுதும்போது ஒரு டைப்பும் படிக்கும்போது ஒரு டைப்பும் தேவைப்படுகின்றன. எழுதுவதற்கு இன்று செயலில் உள்ள மதிப்புகள் மட்டும். படிக்கும்போது அவற்றோடு ‘அறியாதது’ என்ற ஒரு கிளையும் சேரும். தளத்திலிருந்து வரும் சொல் பட்டியலில் இல்லையென்றால் தரவு என் நிரலுக்குள் நுழையும் எல்லையிலேயே அது அந்தக் கிளைக்குப் போய்விடும். பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் பிக்லிஸ்டோ, மதிப்புகளை அரைப்புள்ளியால் இணைத்து ஒரே சரமாக வருகிறது. அதை வெறும் சரம் என்று விட்டுவிட்டு, வெட் ப்ளூதானா என்று ஒப்பிட்டால், வெட் ப்ளூவும் க்ரஸ்டும் சேர்த்துத் தேர்ந்தெடுத்த எல்லா வாடிக்கையாளர்களும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். இதற்கு அதிகம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. எல்லையிலேயே பிரித்துப் பட்டியலாக்கிவிட்டேன்.

சரம் என்ற சொல்லுக்குள் எத்தனை வேறு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸின் பதிவு எண் 15 எழுத்து வடிவிலும் 18 எழுத்து வடிவிலும் இருக்கிறது. 15 எழுத்து வடிவில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கொள்ளப்படும். எக்ஸெல் போன்ற கருவிகள் அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டு பதிவுகளை ஒன்றாகக் குழப்பிவிடும் என்பதால்தான், கடைசியில் மூன்று எழுத்துகள் சேர்த்த 18 எழுத்து வடிவம் இருக்கிறது. ஏபிஐ 18 எழுத்துகளைத் தருகிறது. அலுவலகத்தார் அறிக்கையிலிருந்து இறக்கி எனக்கு அனுப்பும் கோப்பில் 15 எழுத்துகள்தான் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு ஒரு பதிவுகூடப் பொருந்தவில்லையே என்று நான் திகைத்த பிற்பகல் நன்றாக நினைவிருக்கிறது. இப்போது கருவி உருவாக்கும் டைப்பில் இரண்டும் தனித்தனி முத்திரை பெற்றவை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் கம்பைலர் மறுக்கும். அதேபோல வாடிக்கையாளர் எண்ணைத் தொடர்புநபர் எண்ணின் இடத்தில் கொடுத்தாலும் மறுக்கும். ஒரு செயல்பாட்டுப் பதிவில் ‘யார்’ என்ற ஃபீல்டு தொடர்புநபரையும் சுட்டலாம், இன்னும் வாடிக்கையாளராகாத லீடையும் சுட்டலாம். டிஸ்கிரைப் இரண்டு பெயர்களையும் சொல்வதால் டைப்பும் இரண்டையும் சொல்கிறது.

தேதிகளும் சரமாகத்தான் வருகின்றன. நாளை மட்டும் சொல்லும் ஃபீல்டு ஒன்று, நாளோடு நேரத்தையும் சொல்லும் ஃபீல்டு மற்றொன்று. நேரத்தோடு வருவது உலகப் பொது நேரத்தில் வருகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்குப் பதிவான ஓர் ஆர்டரின் சரம் மார்ச் 31 என்றே தொடங்கும். அதன் முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்து நாளாக வைத்துக்கொண்டால், அந்த ஆர்டர் முந்தைய நிதியாண்டுக்குப் போய்விடும். இரவுப் பணி நடக்கும் டேனரிகளிலிருந்து கைப்பேசியில் ஆர்டர் போடுகிறவர்கள் உண்டு என்பதால் இது வெறும் கற்பனை அபாயமன்று. நாள் ஒரு டைப், நேரம் ஒரு டைப் என்று பிரித்த அன்றே, என் நிரலில் இரண்டு இடங்களில் இந்த வெட்டும் வேலையைச் செய்திருந்தது கம்பைலரின் சிவப்புக் கோட்டில் தெரிந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு இருந்தது. தொலைபேசி எண்ணை யாரோ ஒருவர் ஆரம்பத்தில் எண் இன ஃபீல்டாக உருவாக்கியிருந்தார். வேலூரின் 0416, ராணிப்பேட்டையின் 04172, ஆம்பூர்-வாணியம்பாடியின் 04174 ஆகியவற்றின் முன்னிருந்த பூஜ்யங்களெல்லாம் போய்விட்டிருந்தன. டைப் அதை எண் என்று உள்ளபடியே சொன்னது. நான் அதைக் கண்டுதான் விசாரித்தேன். டைப்பை நானே திருத்திச் சரம் என்று எழுதியிருந்தால் அந்தத் தவறு தளத்தில் இன்றும் கிடந்திருக்கும். உருவாக்கப்பட்ட கோப்பைக் கையால் தொடுவதில்லை என்ற கட்டுப்பாடு அன்றிலிருந்துதான்.

படிக்க, உருவாக்க, திருத்த என்று ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று டைப்கள் கிடைக்கின்றன. ஃபார்முலா ஃபீல்டும் உருவாக்கிய நேரமும் படிக்கும் டைப்பில் மட்டுமே இருக்கும். உருவாக்கும்போது எவை கட்டாயம் என்பதை மூன்று குறிகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: காலியாக இருக்கக் கூடாது, எழுதக்கூடியது, தளமே தொடக்க மதிப்பு தராதது. மூன்றாவதை விட்டுவிட்டதால், என் முதல் வடிவம் எல்லாச் சரிபார்ப்புப் பெட்டிகளையும் கட்டாயமாகக் கேட்டது. அவை காலியாக இருக்க முடியாதவை, ஆனால் தளமே தொடக்க மதிப்பை வைத்துவிடும்.

இந்தக் கருவி அந்த ஆடி மாதத்துத் தவறைப் பிடித்திருக்குமா என்ற கேள்வியை நான் தள்ளிப்போட முடியாது. பிடித்திருக்கும்; ஆனால் ஒரு நிபந்தனையோடு. டிஸ்கிரைப் பதிலும் கேட்கும் பயனரின் அனுமதிக்கு உட்பட்டதே. அவருக்குப் பார்க்க அனுமதி இல்லாத ஃபீல்டு அந்த விவரிப்பிலும் வராது. நான் முதலில் கருவியை முழு அதிகாரமுள்ள நிர்வாகியின் கணக்கில் ஓட்டினேன். அவருக்கு எல்லாமே தெரியும். அந்தக் கோப்பில் பழைய கடன் வரம்பும் இருந்திருக்கும், நிரலும் எந்த மறுப்புமின்றித் தொகுக்கப்பட்டிருக்கும், ஆர்டர் பக்கம் மட்டும் தன் பயனர் கணக்கில் அதைக் காணாமல் எல்லா ஆர்டர்களையும் விட்டிருக்கும். ஆகவே நிரல் எந்தக் கணக்கில் தளத்தைப் பார்க்கிறதோ, அதே கணக்கில்தான் டைப்பும் பிறக்க வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை யாராவது எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போது கருவி ஒவ்வோர் இரவும் 2 மணிக்கு ஓடுகிறது. நாங்கள் உண்மையில் பயன்படுத்தும் 9 பொருள்களை மட்டும் கேட்கிறது. தளத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்டால் கோப்பு பெருத்து எடிட்டர் திணறும். ஏபிஐயின் பதிப்பு எண்ணை நிலையாக வைத்திருக்கிறேன். தளம் ஆண்டுக்கு மூன்று முறை புதிய வெளியீடு தருவதால், அதைத் திறந்து விட்டால் நாம் எதுவும் செய்யாமலே டைப் மாறும். ஃபீல்டுகளை ஏபிஐ பெயரின் வரிசையில் அடுக்கி எழுதுகிறேன். கோப்பின் தலைப்பில் உருவாக்கிய நேரத்தை எழுதுவதில்லை. நேரத்தை எழுதினால் ஒவ்வொரு நாளும் கோப்பு மாறியதாகவே, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் காட்டும்; மாற்றமில்லாத நாளில் மாற்றமில்லை என்று தெரிவதுதான் எனக்கு வேண்டும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மேலே அதன் லேபிளைக் குறிப்பாக எழுதுகிறேன். தமிழில் லேபிள் வைத்திருந்தால் அது தமிழிலேயே வருகிறது. கணக்குப் பிரிவு அக்கா திரையில் எதைப் பார்த்துப் பேசுகிறாரோ, அதே சொல் என் எடிட்டரிலும் தெரிகிறது.

டைப்ஸ்கிரிப்டின் டைப்கள் தொகுத்த பின் மறைந்துவிடுபவை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிரல் ஓடும்போது அவை இல்லை. பகல் 11 மணிக்கு யாராவது ஃபீல்டை மாற்றினால் இரவு 2 மணி வரை டைப்புக்குத் தெரியாது. அதற்காக, அதே விவரிப்பிலிருந்தே ஒரு சரிபார்க்கும் நிரலையும் கருவி எழுதுகிறது. தளத்திலிருந்து வரும் ஒவ்வொரு பதிவும் எல்லையில் ஒருமுறை அதன் வழியே போகும். எதிர்பார்த்த ஃபீல்டு வரவில்லை என்றால் ஆர்டர் நிற்கும். என் கைப்பேசிக்குச் செய்தி வரும். நிற்பது தொந்தரவுதான். லாரி ஏறிய பிறகு தெரிவதைவிட நிற்பதையே அந்த அலுவலகமும் விரும்புகிறது.

இனி, இந்த இரவு வேலையின் மதிப்பை எனக்கு முழுமையாகக் காட்டிய மாற்றத்தைச் சொல்கிறேன். 2019 நவம்பர் 28 முதல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாக இயங்குகின்றன. ஆனால் அந்த நிறுவனத்தின் மாவட்டப் பிக்லிஸ்டில் நெடுங்காலம் வேலூர் மட்டுமே இருந்தது. ஆம்பூர் டேனரியும் வேலூர், வாலாஜாப்பேட்டை டேனரியும் வேலூர். ஒரு நாள் காலையில் கிட்டில் வந்த வேறுபாட்டில் இரண்டு வரிகள் கூடியிருந்தன: ராணிப்பேட்டை, திருப்பத்தூர். அந்த இரண்டு வரிகளை ஏற்றுக்கொண்டதும் கம்பைலர் நான்கு இடங்களில் நின்றது. மாவட்டத்தை வைத்து லாரியின் வழித்தடத்தைத் தீர்மானிக்கும் இடம், வசூலுக்குப் போகிறவரை ஒதுக்கும் இடம், மாத அறிக்கையின் கூட்டல், குறுஞ்செய்தியில் கிடங்கின் பெயரைச் சொல்லும் இடம். எல்லா மதிப்புகளையும் கையாண்டுவிட்டோமா என்று சரிபார்க்கும் விதமாக அவை எழுதப்பட்டிருந்ததால், புதிய இரண்டையும் கையாளாமல் தொகுக்க விடவில்லை. இந்த நான்கில் இரண்டை நான் அடியோடு மறந்திருந்தேன்.

டைப்பால் செய்ய முடியாத பாதி அதன் பிறகு இருந்தது. பழைய பதிவுகள் எல்லாம் வேலூர் என்றே கிடந்தன. டைப்பின் கண்ணில் அவற்றில் தவறு எதுவும் இல்லை. அஞ்சல் குறியீட்டை வைத்துப் பிரித்துவிடலாம் என்று முதலில் எண்ணினேன். 635 என்று தொடங்கினால் திருப்பத்தூர் மாவட்டம் என்று வைத்தால், 635802 கொண்ட ஆம்பூர் சரியாக விழும். 635810 கொண்ட பேரணாம்பட்டோ வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 632-ஐ எடுத்தால் வேலூரும் ராணிப்பேட்டையும் அதில் கலந்திருப்பதோடு, திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியும் 632301 என்று அதிலேயே இருக்கிறது. அஞ்சல் துறை மாவட்ட எல்லையைப் பார்த்துக் குறியீடு போடவில்லை. அது எனக்குத் தராத உறுதியை நான் அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்த பிறகும் வட ஆற்காடு மாவட்டம் என்று அச்சிட்ட லெட்டர்ஹெட்டையே வைத்திருக்கும் பெரியவர்களும் வாடிக்கையாளர்களில் இருந்தார்கள். முகவரி ஃபீல்டில் அந்தப் பெயர் அப்படியே ஏறியிருந்தது.

கடைசியில் அஞ்சல் குறியீட்டின் ஆறு இலக்கங்களையும் முழுமையாக வைத்து ஊர் ஊராக ஓர் அட்டவணை தயாரித்து, ஐயமுள்ள 58 பதிவுகளை விற்பனைப் பிரதிநிதிகளிடம் தாளில் அச்சிட்டுக் கொடுத்தோம். முத்துக்கடைக்கு அருகே தேநீர்க்கடையில் உட்கார்ந்து இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் பேனாவால் குறித்துத் தந்தார்கள். எந்த டேனரி எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்பது அவர்களுக்கு நினைவிலேயே இருந்தது. அதை ஏற்றியபின், மாவட்ட ஃபீல்டைத் தளத்திலேயே கட்டாயமாகவும் பிக்லிஸ்டைக் கட்டுப்படுத்தப்பட்டதாகவும் மாற்றும்படி அண்ணனிடம் கேட்டேன். அவர் அன்று மாலையே மாற்றினார். மறுநாள் காலையில் வந்த வேறுபாட்டில், மாவட்டத்தின் வரியிலிருந்து ‘நல்’ என்ற சொல் நீங்கியிருந்தது.